ஜெர்மன் ஒயின் டேஸ்டிங்: வருவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஒயின் ரசனைக் குழு அடுத்த கூட்டத்துக்கு ஜெர்மனியை எடுத்துக்கொண்டிருக்கிறது. அறிவிப்பு போனதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பாதி, எப்படிச் சுற்றி வந்தாலும், "இனிக்குமே?" என்பதில்தான் போய் முடிகின்றன. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்குத் தனி வரிசை இல்லை, உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

ஜெர்மன் ஒயின் என்றாலே இனிப்புதானே?

இல்லை. இன்று அங்கே தயாராகும் ஒயினில் ட்ரோக்கன் என்ற ட்ரை, அதாவது இனிப்பில்லாத வகையையும் ஹால்ப்ட்ரோக்கன் என்ற அரை ட்ரை வகையையும் சேர்த்தால் பாதிக்கு மேல் வந்துவிடும்.

இனிப்பு என்ற பெயர் ஏற்றுமதியால் வந்தது. லீப்ஃப்ரவ்மில்ஷ் என்ற பெயர் முதலில் வோர்ம்ஸ் நகரத்தில் ஒரு மாதா கோயிலைச் சுற்றியிருந்த தோட்டத்து ஒயினுக்கு உரியது. பிறகு ரைன் நதியோரப் பகுதிகளில் எங்கெங்கோ விளைந்த திராட்சையைக் கலந்து, இனிப்பு நிற்கும்படி தயாரித்த மலிவு ஒயினுக்கும் அதே பெயர் போனது. 1970களிலும் 80களிலும் வெளிநாட்டுக் கடைகளில் ஜெர்மன் ஒயின் என்று பலர் பார்த்தது இதைத்தான். புளிப்பும் இல்லாமல் மணமும் இல்லாமல் சர்க்கரை மட்டும் தெரியும் ஒயினைக் குடித்தவர்கள், அந்த நாட்டின் மொத்த ஒயினுக்கும் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இத்தனைக்கும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரைன் நதியோரத்து உயர்ந்த ஒயின்கள் பிரான்ஸின் போர்தோ பகுதியின் உயர்ந்த ஒயின்களுக்குச் சமமான விலைக்குப் போயின.

சரி, எனக்கு இனிப்பே பிடிக்காது. நான் வந்து என்ன செய்வது?

நீங்கள்தான் கட்டாயம் வர வேண்டும்.

இந்த மாலை முழுவதும் நான் உங்களைக் கவனிக்கச் சொல்லப்போவது புளிப்பைத்தான். ரீஸ்லிங் திராட்சை குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் பழுக்கும். முழுதாகப் பழுத்த பிறகும் அதன் அமிலம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரு லிட்டரில் 7 முதல் 9 கிராம் அமிலம் இருப்பது அங்கே சாதாரணம். அதோடு லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை நின்றால், எண்ணைப் பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும். குடித்துப் பார்த்தால் எலுமிச்சைச் சாற்றில் போட்ட சர்க்கரை மாதிரிதான்: இனிப்பு புளிப்பைத் தாங்கிப்பிடிக்கிறது, புளிப்பு இனிப்பைத் திகட்டவிடாமல் வைக்கிறது. அதே சர்க்கரை அமிலம் குறைந்த ஒயினில் இருந்தால் இரண்டாவது மடக்குக்கே அலுத்துவிடும்.

அதனால் "எவ்வளவு இனிப்பு?" என்பது பாதிக் கேள்விதான். "எவ்வளவு புளிப்போடு?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேசையில் ஒரே தயாரிப்பாளரின் ட்ரை ரீஸ்லிங்கும் இனிப்பு ரீஸ்லிங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் மாறி மாறிக் குடித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் இனிப்பு வேண்டாம் என்றால் நான் வாதாட மாட்டேன்.

லேபிளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதைப் படிப்பது, எதை விடுவது?

ஜெர்மன் லேபிள் எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடிக்கும் லேபிள். முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்பாளரின் பெயர். மற்றவற்றை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அடுத்தது ஊரும் தோட்டமும். "வேலனர் சொன்னன்ஊர்" என்றிருந்தால் முதல் சொல் ஊர், அதாவது வேலன். இரண்டாவது சொல் தோட்டத்தின் பெயர். 1842இல் அந்தச் சரிவில் ஒரு சூரியக் கடிகாரத்தைக் கட்டினார்கள். தோட்டத்தின் பெயர் அதிலிருந்து வந்தது, கடிகாரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டு சொல் அமைப்பில் ஒரு பொறி உண்டு. "பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஷன்" என்பது பீஸ்போர்ட் ஊரின் தனித் தோட்டம், நல்ல தோட்டம். "பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்" என்பது பல ஊர்களை ஒரே பெயருக்குள் அடைத்த பெரும் பரப்பு. 1971ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி எழுத அனுமதித்தது. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. 2021இல் சட்டத்தை மாற்றியதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். இடம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உயர்வு என்பதுதான் இப்போதைய திசை.

அப்புறம் திராட்சை ரகம், விளைந்த ஆண்டு, "ட்ரோக்கன்" என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பது. ட்ரோக்கன் என்றால் சர்க்கரை லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம், அதுவும் அமிலம் அதற்கு ஈடாக இருந்தால்தான். ஹால்ப்ட்ரோக்கன் என்றால் 18 கிராம் வரை போகலாம். "ஃபைன்ஹெர்ப்" என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய அதே வட்டாரம், ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எல்லை கிடையாது. தயாரிப்பாளரின் மனசுதான் எல்லை.

எதுவுமே புரியவில்லை என்றால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். நொதித்தலில் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. 7.5, 8, 9 சதவீதம் என்றிருந்தால் சர்க்கரை நிறைய மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். 12க்கு மேல் போனால் பெரும்பாலும் ட்ரை. கடையில் நின்றுகொண்டு ஒரு நொடியில் முடிவெடுக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

சின்ன எழுத்தில் ஓர் அரசுப் பரிசோதனை எண்ணும் இருக்கும். தரமான ஒயின் என்று விற்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஆய்வகத்திலும் நாக்கிலும் சோதித்துத் தரும் எண் அது. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் சோதனை நடந்த ஆண்டு. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பெரிதாகப் பயனில்லை, ஆனால் மேசையில் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் மதிப்பார்.

காபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே எல்லாம் இனிப்பின் படிகளா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். இவை பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதன் படிகள். சாற்றில் இருந்த சர்க்கரை பாட்டிலிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. முழுக்க நொதிக்கவிட்டால் ஷ்பேட்லேசேயும் ட்ரையாகிவிடும். "ஷ்பேட்லேசே ட்ரோக்கன்" என்ற லேபிள் அப்படி வந்ததுதான்.

எவ்வளவு பழுத்தது என்பதை அளப்பது எக்ஸ்லே அளவில். 19ஆம் நூற்றாண்டில் ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே பரவலாக்கிய முறை. ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதலோ, அத்தனை டிகிரி. காபினெட்டுக்குக் குறைந்தபட்சம் பகுதியையும் ரகத்தையும் பொறுத்து 67 முதல் 82 வரை, ஷ்பேட்லேசேக்கு 76 முதல் 90 வரை, அவுஸ்லேசேக்கு 83 முதல் 100 வரை. அதற்கு மேல் பேரன்அவுஸ்லேசே 110இலிருந்தும் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசே 150இலிருந்தும் தொடங்கும். இந்தப் படிகளில் வரும் எந்த ஒயினுக்கும் சாற்றில் வெளிச் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை ஏற்றக் கூடாது.

ஷ்பேட்லேசே பிறந்ததாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ரைன்காவ் பகுதியின் ஷ்லோஸ் யோஹானிஸ்பெர்க் தோட்டத்தில் அறுவடைக்கு ஃபுல்டாவின் ஆட்சியாளரான மடத்துத் தலைவர் அனுமதி தர வேண்டும். 1775இல் அனுமதியோடு வர வேண்டிய குதிரைக்காரன் வாரக்கணக்கில் தாமதித்தான். அதற்குள் திராட்சையில் பூஞ்சை பிடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே பறித்துப் பிழிந்தார்கள், ஒயின் பிரமாதமாக வந்தது. தாமதத்துக்கு என்ன காரணம் என்பதில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தக் குதிரைக்காரனுக்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள்.

ஐஸ்வைனும் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசேயும் ஒன்றுதானா?

இரண்டும் சர்க்கரையைச் செறிவாக்குகின்றன, வழி வேறு. இரண்டாவதில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை தோலைத் துளைத்து, நீர் ஆவியாகி, பழம் உலர் திராட்சை போலச் சுருங்கிவிடும். அந்தப் பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிழிகிறார்கள். தேன், உலர்ந்த ஆப்ரிகாட் பழம், குங்குமப்பூ என்று வாசனை போகும்.

ஐஸ்வைனுக்குப் பூஞ்சை தேவையில்லை, நல்ல ஆரோக்கியமான பழம் வேண்டும். அது கொடியிலேயே மைனஸ் 7 டிகிரிக்கோ அதற்குக் கீழோ உறைய வேண்டும். விடிவதற்கு முன் பறித்து, உறைந்த நிலையிலேயே பிழிவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக ஆலையில் தங்கிவிடும், சர்க்கரையும் அமிலமும் மட்டும் சொட்டும். அதனால் ஐஸ்வைனில் புளிப்பு கத்திபோல் இருக்கும். இரண்டில் எனக்கு இதுதான் பிடிக்கும், ஆனால் குழுவில் நான் சிறுபான்மை.

குளிர்காலங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 2019ஆம் ஆண்டு விளைச்சலில் ஜெர்மனியின் எந்தப் பகுதியிலும் ஐஸ்வைன் எடுக்க முடியாமல் போனது. அதுவரை அப்படி நடந்ததில்லை.

இவற்றை ஆளுக்கு ஒரு சொட்டுதான் ஊற்றுவோம். கூடுதலாகக் கேட்டுச் சண்டை போட வேண்டாம்.

ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாசனை வருகிறதே, கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. அது டி.டி.என். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு சேர்மத்தின் வாசனை. திராட்சையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து, பாட்டிலில் வயது ஏற ஏற உருவாவது. வெயில் நேரடியாகப் பட்ட பழத்தில் அதிகம் வரும். மற்ற ரகங்களைவிட ரீஸ்லிங்கில் கூடுதல். பத்து வயதான பாட்டிலில் லேசாக வந்தால் எனக்குச் சந்தோஷம். போன வருஷத்து ஒயினில் பெட்ரோல் பங்க் வாசலில் நிற்பது மாதிரி வந்தால் அவ்வளவு சந்தோஷமில்லை. சிலருக்கு எந்த வயதிலும் பிடிக்காது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மோசல் நதிப் பகுதியின் இளம் ஒயினில் தீக்குச்சி உரசிய வாசனை வருவது வேறு விஷயம். கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் மட்டும் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். அது கார்க் கெடுத்த பாட்டில், காத்திருந்தாலும் சரியாகாது.

கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் சின்னச் சின்னப் படிகங்கள் தெரிந்தனவே?

டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படியும். உடைந்த கண்ணாடி இல்லை, சர்க்கரையும் இல்லை. அடியில் விட்டுவிட்டுக் குடியுங்கள்.

எந்தெந்தப் பகுதிகளைச் சுவைப்போம்?

ஜெர்மனியில் மொத்தம் 13 ஒயின் பகுதிகள். எல்லாவற்றையும் ஒரே மாலையில் தொட்டால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் மோசலுக்குக் கூடுதல் இடம், ரைன்காவ், ஃபால்ட்ஸ், ஃப்ராங்கன், ஆர் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இடம் என்று வைத்திருக்கிறோம்.

மோசலுக்கு ஏன் இந்தச் சலுகை? திராட்சை பழுக்கவே தயங்கும் வடக்குப் பகுதி அது, ஏறக்குறைய 50 டிகிரி அட்சரேகை. நதி பாம்பாக வளைந்து வளைந்து போவதால் தெற்கையும் தென்மேற்கையும் பார்த்த சரிவுகள் நிறையக் கிடைக்கின்றன. அந்தச் சரிவுகளில் மட்டும் வெயில் நேராக விழுகிறது. கருநீலப் பலகைக்கல் மண் பகலில் சூடேறி ராத்திரியில் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. ப்ரெம் ஊருக்குப் பக்கத்திலுள்ள கால்மோன்ட் தோட்டம் சில இடங்களில் 60 டிகிரிக்கும் மேல் செங்குத்தாக நிற்கிறது. டிராக்டர் ஏறாது. எல்லா வேலையும் கையால்தான், சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் வண்டி மட்டும் உதவிக்கு. ஒரு மோசல் பாட்டில் விலை கூடுதலாகத் தெரிந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

மோசலில் மண் சுவை தெரிகிறது என்று மேசையில் யாராவது சொல்வார்கள். வேர் வழியாகக் கல்லின் சுவை பழத்துக்கு ஏறுவதில்லை. மண் வடிகாலையும் சூட்டையும் மாற்றுகிறது, அதனால் பழம் மாறுகிறது. ஆனாலும் நீலக்கல் மண்ணிலிருந்து வரும் வேலன் ஒயினையும் சிவப்புக் கல் மண்ணிலிருந்து வரும் ஊர்ட்ஸிகர் வூர்ட்ஸ்கார்டன் ஒயினையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. இரண்டுக்கும் இடையே தூரம் கொஞ்சம்தான். இரண்டாவதில் மசாலா வாடை கூடுதல் என்பது பலரின் கருத்து, என் கருத்தும் அதுவே.

ரைன்காவில் நதி கொஞ்ச தூரம் மேற்கு நோக்கித் திரும்புவதால் வடகரைச் சரிவு முழுதும் தெற்கைப் பார்க்கிறது. 1136இல் சிஸ்டெர்சியன் துறவிகள் நிறுவிய எபர்பாக் மடம் அங்கேதான் இருக்கிறது. ஒயினில் மோசலைவிடத் தோள் அகலம், ட்ரைதான் அதிகம். ஃபால்ட்ஸ் வெயில் கூடிய இடம், பழச்சுவை தாராளம். ஃப்ராங்கன் ஒயினைச் சப்பையான உருண்டைப் பாட்டிலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். அதற்கு போக்ஸ்பாய்டல் என்று பெயர். பரப்பில் மிகப் பெரியது ரைன்ஹெஸ்ஸன். அதற்கு இந்தத் தடவை இடமில்லை, தனியாகவே ஒரு மாலை வைக்க வேண்டிய பகுதி.

ரீஸ்லிங் மட்டும்தானா?

ஜெர்மன் தோட்டங்களில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவுதான் ரீஸ்லிங். 1435இல் ரூஸல்ஸ்ஹைம் ஊரில் ஒரு பிரபுவின் கணக்கில் அதன் கொடிகள் வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது, நமக்குக் கிடைத்த முதல் எழுத்துச் சான்று அதுதான்.

மேசையில் சில்வானரும் இருக்கும். அது 1659இல் ஃப்ராங்கனின் காஸ்டல் ஊரில் நடப்பட்டது. சத்தமில்லாத ஒயின், பச்சைப் புல், பேரிக்காய், கொஞ்சம் மண் வாசனை. ஜெர்மனியில் வெள்ளை அஸ்பாரகஸ் பருவம் வந்தால் அதோடு இதைத்தான் தேடுவார்கள். ஷோய்ரேபே என்ற ரகத்தை கேயோர்க் ஷோய் 1916இல் ஆல்ட்ஸை ஊரில் உருவாக்கினார். பம்ப்ளிமாஸ் வாசனை தூக்கலாக அடிக்கும், முதல் தடவை வருகிறவர்கள் இதைத்தான் அதிகம் விரும்புகிறார்கள். ம்யூலர்-துர்காவ் 1882இல் கைசன்ஹைமில் ஹெர்மன் ம்யூலர் உருவாக்கியது. அதன் பெற்றோர் ரீஸ்லிங்கும் சில்வானரும் என்று வெகுகாலம் நம்பினார்கள். மரபணுச் சோதனையில் பார்த்தால் சில்வானர் அப்பா இல்லை, மதலேன் ராயல் என்ற வேறொரு ரகம். குடும்பக் கதைதான் போங்கள்.

சிவப்பு ஒயின் கிடையாதா?

உண்டு. பினோ நுவார் திராட்சையை அங்கே ஷ்பேட்பூர்குண்டர் என்பார்கள். அதன் பரப்பில் பிரான்ஸ், அமெரிக்காவுக்கு அடுத்து ஜெர்மனிதான். முன்பெல்லாம் வெளிறிப்போய், லேசாக இனித்துக்கொண்டிருக்கும். வெப்பம் கூடியதும் இளைய தயாரிப்பாளர்கள் பிரான்ஸின் பர்கண்டி பகுதிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்ததும் இந்த ஒயினை மாற்றிவிட்டன. பாடன் பகுதியின் கைசர்ஷ்டூல் என்ற எரிமலைக் குன்றிலும் ரைன்காவின் அஸ்மன்ஸ்ஹவுஸனிலும் ஆர் பள்ளத்தாக்கிலும் நல்லவை கிடைக்கும்.

ஆர் மிகச் சின்னப் பகுதி, வடக்கில் இருந்தும் சிவப்புக்குப் பேர்போனது. 2021 ஜூலை நடுவில் வந்த வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கையே புரட்டிப்போட்டது. பலர் உயிரிழந்தார்கள். ஒயின் அறைகள் சேற்றில் மூழ்கின. சேறு பூசிய பாட்டில்களை அப்படியே விற்று நிவாரண நிதி திரட்டினார்கள்.

டோர்ன்ஃபெல்டர் என்ற கருஞ்சிவப்பு ரகமும் ஜெர்மனியில் நிறைய உண்டு. நாங்கள் அதைக் கொண்டுவரவில்லை. நிறம் இருக்குமளவு விஷயம் இருப்பதில்லை என்பது என் எண்ணம், மறுப்பவர்கள் ஒரு பாட்டிலோடு வரலாம்.

கழுகுச் சின்னமும் "ஜி.ஜி." என்ற எழுத்தும் எதற்கு?

வி.டி.பி. என்பது 1910இல் தொடங்கிய தயாரிப்பாளர் சங்கம், ஏறக்குறைய 200 உறுப்பினர்கள். மூடியில் திராட்சைக் குலையோடு கழுகு இருந்தால் அவர்களுடையது. ஊர், தோட்டம் என்று பர்கண்டி மாதிரி நான்கு படி வைத்திருக்கிறார்கள். மேல்படியில் உள்ள தோட்டத்திலிருந்து வரும் ட்ரை ஒயின் க்ரோஸஸ் கெவெக்ஸ், சுருக்கமாக ஜி.ஜி. வெள்ளை என்றால் அறுவடைக்கு அடுத்த ஆண்டு செப்டம்பருக்கு முன் விற்க மாட்டார்கள்.

கழுகு இல்லாத நல்ல தயாரிப்பாளர்களும் நிறைய உண்டு. கழுகைத் தேடி வாங்குவது பாதுகாப்பான வழி, ஒரே வழி இல்லை.

மாலை எப்படி நடக்கும்?

எட்டு ஒயின்கள், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 50 மில்லி. 750 மில்லி பாட்டிலை அப்படி ஊற்றினால் பதினைந்து பேருக்கு வரும், அதனால்தான் இடங்களையும் அதோடு நிறுத்துகிறோம்.

முதலில் ட்ரை வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை முன்னால் வைத்தால் அடுத்து வரும் ட்ரை ஒயின் பச்சைக் காய் மாதிரி புளிக்கும். லேசானது முன்னால், கனமானது பின்னால். இந்த வரிசையை ஒரே ஓர் இடத்தில் வேண்டுமென்றே மீறுகிறோம். மேலே சொன்ன ட்ரை, இனிப்பு ஜோடி நடுவில் வரும், பிறகு கொஞ்சம் இடைவேளை, வெறும் ரொட்டி, தண்ணீர்.

இரண்டு ஒயின்களை லேபிளை மூடி ஊற்றுவோம். தேர்வு வைப்பதற்காக இல்லை. பேர்பெற்ற தோட்டம் என்று தெரிந்துவிட்டால் எல்லோருடைய நாக்கும் மரியாதை காட்ட ஆரம்பித்துவிடுகிறது.

துப்பித்தான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் கணக்கைப் பாருங்கள். எட்டு முறை 50 மில்லி என்றால் 400 மில்லி, அரை பாட்டிலுக்கு மேல். எல்லாவற்றையும் விழுங்கினால் ஆறாவது ஒயினுக்குப் பிறகு எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்போம், அதைப் பயன்படுத்துகிறவரை யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். வண்டி ஓட்டி வராதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் ஆல்கஹாலோடு சேராத மருந்து எடுப்பவர்களும் இந்த மாலையை விட்டுவிடுவது நல்லது.

எல்லோரும் ஏதேதோ வாசனை சொல்கிறார்கள், எனக்கு ஒயின் வாசனைதான் வருகிறது. என்ன எழுதுவது?

பழப் பெயர்களை விடுங்கள். நாலே விஷயத்தை எழுதினால் போதும்.

புளிப்பு: ஒரு வாய் வைத்து, துப்பியோ விழுங்கியோ விட்டு, வாயைத் திறந்து தலையைக் கொஞ்சம் குனியுங்கள். தாடையின் இரண்டு பக்கமும் எவ்வளவு எச்சில் ஊறுகிறது? நிறைய ஊறினால் அமிலம் அதிகம். இந்தச் சோதனையை இனிப்பு ஏமாற்ற முடியாது. நாக்கு "இனிப்பு" என்று சொல்லும்போதே தாடை "புளிப்பு" என்று சொல்லும், இந்த மாலையில் அதை நீங்கள் நாலைந்து தடவையாவது பார்ப்பீர்கள்.

இனிப்பு: எவ்வளவு என்பதோடு, விழுங்கிய பிறகும் நிற்கிறதா என்று பாருங்கள். நல்ல காபினெட் இனிப்பாகத் தொடங்கி, ஏறக்குறைய ட்ரையாக முடியும்.

கனம்: வாயில் தண்ணீர் மாதிரியா, பால் மாதிரியா.

நீளம்: சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது. ஐந்து நொடியில் போய்விட்டதா, அரை நிமிஷம் நிற்கிறதா. விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

வாசனை தானாக வந்தால் எழுதுங்கள். பச்சை ஆப்பிள், பீச், எலுமிச்சைத் தோல், ஈரக்கல் எல்லாம் ரீஸ்லிங்கில் அடிக்கடி கேட்பவை. உங்களுக்குப் புதிதாகத் திறந்த நீச்சல் குளம் ஞாபகம் வந்தால் அதையே எழுதுங்கள், கடன் வாங்கிய வார்த்தை வேண்டாம்.

வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வரலாமா?

வேண்டாம். பூவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கும் மூக்கு உண்டு.

எவ்வளவு குளிர்ச்சியாகக் கொடுப்பீர்கள்?

காபினெட் மாதிரி லேசானவை 8 முதல் 10 டிகிரி, ஜி.ஜி. 10 முதல் 12, ஷ்பேட்பூர்குண்டர் 14 முதல் 16. ஐஸ் போல் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும், புளிப்பு மட்டும் குத்தும். கையால் கண்ணாடிக் கிண்ணத்தைப் பொத்திப் பிடித்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள், வாசனை மாறுவது தெரியும்.

"ட்ரோக்கன்" என்று போட்ட ஸெக்ட் வாங்கினேன், இனித்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. ஸெக்ட் என்ற நுரைக்கும் ஒயினுக்கு விதி வேறு. அங்கே ட்ரோக்கன் என்றால் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை. உங்களுக்கு வேண்டியது "ப்ரூட்" என்று எழுதியது, அது 12 கிராமுக்குக் கீழ். ஒரே சொல்லுக்கு இரண்டு அளவு வைத்த சட்டத்தைத்தான் திட்ட வேண்டும்.

விளைச்சல் ஆண்டு முக்கியமா?

ஜெர்மனியில் முக்கியம்தான். 2003உம் 2018உம் சூடான ஆண்டுகள்: பழம் கொழுத்தது, அமிலம் குறைவு. 2010உம் 2021உம் குளிர்ந்தவை: அமிலம் கூர்மை. 2021 காபினெட் கிடைத்தால் விடாதீர்கள், நான் இவ்வளவு நேரம் புளிப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரே பாட்டிலில் இருக்கும்.

நன்றாகச் செய்த இனிப்பு ரீஸ்லிங் முப்பது, நாற்பது ஆண்டு தாங்கும். சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து காப்பாற்றும். வயதாக ஆக அந்தச் சர்க்கரை எங்கோ உள்ளே போய்விட்டது போல நாக்குக்கு இனிப்புக் குறைந்து தெரியும், அளந்து பார்த்தால் அளவு அப்படியே இருக்கும்.

காரமான சாப்பாட்டோடு எது போகும்?

ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்பு நிற்கும் காபினெட்டோ ஃபைன்ஹெர்ப்போ. ஆல்கஹால் அதிகமான ஒயின் காரத்தை ஊதிப் பெருக்கும், சிவப்பின் துவர்ப்பும் அதற்கு ஒத்துழைக்காது. டேஸ்டிங் நடக்கும்போது மட்டும் காரம் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். முடிந்த பிறகு உங்கள் இஷ்டம்.

முதல் தடவையாக ஒரே ஒரு பாட்டில் வாங்குவதென்றால்?

நல்ல தயாரிப்பாளரின் மோசல் காபினெட், ட்ரோக்கன் என்று எழுதாதது, 8 அல்லது 9 சதவீதம் ஆல்கஹால். பேர்பெற்ற தோட்டம் வேண்டுமென்பதில்லை. இனிப்புப் பிடிக்காதவருக்கும் இதையேதான் சொல்வேன்.

கூட்டம் முடிந்து மிச்சமிருக்கும் பாட்டில்களை என்ன செய்வீர்கள்?

சீட்டுப் போட்டுக் கொடுப்போம். மூடி, நேராக நிற்கவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ட்ரை ரீஸ்லிங் மூன்று நாள் தாங்கும், காபினெட் ஐந்தாறு நாள். ஷ்பேட்பூர்குண்டர் கிடைத்தால் மறுநாளே முடித்துவிடுங்கள். இனிப்பு ஒயின் மிஞ்சினால் சீட்டு கிடையாது, மேசையைத் துடைக்க உதவியவருக்குத்தான்.